‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்’: ஏற்காட்டுக்கு இணையவழி வந்த எடைக்குறைப்பு ஊசி – ஒரு நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதும் 46 வயதுப் பெண்மணி ஒருவர், 2025 மே மாத இறுதியில், சேலம் அஸ்தம்பட்டியிலுள்ள என் கிளினிக்குக்கு மகனுடன் வந்தார். மகன் கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்தது. அதற்குள் தண்ணீராகிப்போன இரண்டு ஜெல் பைகளுக்கு நடுவே, தொடப்படாத இரண்டு சிறு மருந்துக் குப்பிகள் கிடந்தன. தாயின் கையில், மலையிலுள்ள அரசு மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி வந்ததற்கான வெளிச்சீட்டு இருந்தது. அந்தச் சீட்டில், அபாயகரமாகத் தாழ்ந்த இரத்தச் சர்க்கரை அளவை 48 என்று எழுதி, அடியில் இருமுறை கோடு போட்டிருந்தார்கள்.

இந்த அம்மாவுக்கு எழுதப்பட்ட மருந்து போலி மருந்தல்ல, அளவும் தவறானதல்ல, அவருடைய உடல்நிலைக்குப் பொருந்தாத மருந்து என்றும் சொல்ல முடியாது. ஆய்வின் முடிவில் அதே மருந்தை அதே அளவில் நானே மீண்டும் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தும் அவர் மயங்கி விழும் நிலைக்கு வந்தது எப்படி என்ற கேள்விதான் இதை எழுதத் தூண்டியது. அவருடைய ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சேவை வழங்கிய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

படிவம்

அவருக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும், ஐந்து ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் உண்டு. முழங்கால் வலி கூடிக்கொண்டே போனதால், எடையைக் குறைத்தால் படியேற முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் டிர்செபடைட் என்ற ஊசி மருந்து, மவுஞ்சாரோ என்ற வணிகப் பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்திருந்தது. செய்தித்தாள், யூடியூப் என எங்கு திரும்பினாலும் அதே பேச்சு. சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் மகன், இணையவழியே மருத்துவ ஆலோசனை தந்து மருந்தும் அனுப்பும் ஒரு சேவையைக் கைபேசியில் தேடிப் பிடித்து, தாயின் பெயரில் பதிவு செய்தார்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மகன் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நிரப்பினார். உயரம் எவ்வளவு என்றதற்கு, “அஞ்சே கால், அஞ்சரை இருக்கும்” என்று பதில் வந்தது. மகன் ஐந்தடி ஐந்தங்குலம் என்று போட்டார். எடையைத் தாய் 75 கிலோ என்றார். கிளினிக்கில் நான் அளந்தபோது உயரம் 154 செ.மீ., எடை 71 கிலோ. எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியெண் (பி.எம்.ஐ.) படிவத்தின்படி 27.5, உண்மையில் அது 29.9. இந்தியருக்கு 25-லிருந்தே உடல் பருமன் எனக் கணக்கிட வேண்டும் என்று 2009-இல் நம் மருத்துவர்கள் ஒருமித்துச் சொன்னது உண்மைதான். ஆனால் எடைக்குறைப்புக்காக இந்த மருந்தை எழுத 30 அல்லது அதற்கு மேல், எடையோடு சேர்ந்த வேறு நோய் இருந்தால் 27 அல்லது அதற்கு மேல் என்பதே வரையறை. இரண்டு தவறான எண்கள் சேர்ந்து 27 என்ற கோட்டைச் சற்றே தாண்டிய ஓர் எண்ணைத் தந்திருந்தன. யாரும் அதைச் சரிபார்க்கவில்லை.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. ஏற்கெனவே வேறு நோய்கள் உண்டா என்று படிவம் கேட்டது. மகன் அதை மொழிபெயர்த்து, “அம்மா, உனக்கு வேற ஏதாச்சும் வியாதி இருக்குதா?” என்று கேட்க, “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்” என்று தாய் சொல்லியிருக்கிறார். மகன் ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. நானே பிறகு நேரில் கேட்டபோது, “சுகர் முன்னாடி இருந்துச்சுங்க டாக்டர். இப்ப மாத்திரையில கண்ட்ரோலா இருக்குது” என்றுதான் சொன்னார். நம் பக்கத்தில் சர்க்கரை நோயாளிகளிடம் பேசிப் பழகிய எவருக்கும் இந்தப் பதில் புதிதாக இராது. எண் ஏறினால் ‘சுகர் வந்துவிட்டது’. இறங்கினால் ‘சுகர் போய்விட்டது’. மாத்திரை என்பது சாப்பாட்டைப் போல அன்றாடத்தில் சேர்ந்துவிட்ட ஒன்று, அதை வியாதிக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ‘உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா’ என்று கேட்பதைவிட, ‘காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன மாத்திரை விழுங்குகிறீர்கள்’ என்று கேட்பதே இங்கே பயன் தரும் கேள்வி. அந்தப் படிவத்தில் அப்படியொரு கேள்வியும் இருந்ததாக மகன் சொன்னார். முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றதும் அது தானாகவே மறைந்துவிட்டதாம்.

மறுநாள் மருத்துவர் அழைத்தார். பதிவு செய்த எண் மகனுடையது என்பதால் அழைப்பு மகனுக்குப் போனது. படம் இல்லை, குரல் மட்டும். தாய் மலையில் இருக்கிறார் என்று மகன் சொன்னதும், அப்படியானால் நீங்களே சொல்லுங்கள் என்று நான்கைந்து நிமிடங்களில் பேச்சு முடிந்தது. மருந்துச்சீட்டு வந்தது. மருத்துவர் அந்த அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை, குரலையும் கேட்கவில்லை.

மருந்து வந்த வழி

டிர்செபடைட்டைப் பிரிக்கும்வரை குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். வெளியில் வைக்க நேர்ந்தால் 30 டிகிரிக்கு மேற்படாமல் 21 நாட்கள் வரை தாங்கும். சேலத்தின் மே மாதத்தை அறிந்தவர்களுக்கு இந்த 30 என்ற எண்ணே சிரிப்பை வரவழைக்கும்.

மலைக்கு நேரே கொண்டுவந்து தரமுடியாது என்று சொல்லிவிட்டதால், பொட்டலம் ஐந்து ரோடு பக்கத்துக் கூரியர் கடையின் முகவரிக்கு வந்தது. சனிக்கிழமை மாலை வந்தது, ஞாயிறு முழுக்கப் பூட்டிய கடைக்குள் கிடந்தது, திங்கள் நண்பகலில் மகன் கைக்கு வந்தது. அங்கிருந்து பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வீடு போய்ச் சேரும்போது ஜெல் பைகள் வெதுவெதுப்பாக இருந்தன என்று மகனே சொன்னார். நான்கு குப்பிகள், குப்பிக்கு 3,500 ரூபாய், ஆக 14,000 ரூபாய்.

மீதமிருந்த இரண்டு குப்பிகளை நான் பயன்படுத்த வேண்டாமென்று சொன்னபோது, தாய் கேட்டது நியாயமான கேள்வி: “ரெண்டு ஊசி போட்டு மருந்து வேலை செஞ்சுதுங்களே, அப்பறம் எப்படிக் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க?” மருந்து வேலை செய்தது என்பது, அது முழு வீரியத்தோடு இருந்தது என்பதற்குச் சான்றாகாது. புரத வகை மருந்துகள் சூட்டில் படிப்படியாகச் சிதைபவை. பாதி சிதைந்த குப்பியும் கண்ணுக்குத் தெளிந்த நீராகவே தெரியும். இன்று பாதி வீரியமுள்ள ஊசியைப் போட்டு உடல் அதற்குப் பழகிய பின், அடுத்த பொட்டலம் முழு வீரியத்தோடு வந்தால், அளவு ஒரே நாளில் இரட்டிப்பானதைப் போலாகும். மூடிய கடைக்குள் எத்தனை டிகிரி இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாதபோது, 7,000 ரூபாய் நட்டத்தை ஏற்பதே சரி என்று நான் முடிவு செய்தேன். அவர் ஏற்றுக்கொண்டாலும், குப்பிகளை என் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

இடையில் ஒன்று. வீட்டில் இருந்த சின்னம்மா மகள், ஒரு குப்பியை இருவரும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறார். அது நடக்கவில்லை, ஆனால் பல வீடுகளில் நடக்கிறது. இது ஒருவருக்கு ஒரே வேளைக்கான குப்பி. ஒருமுறை குத்திய குப்பியை வைத்திருந்து மறுபடி எடுப்பது கிருமிக்கு வழிவிடுவது. அளவும் குழம்பும். குப்பியில் இருப்பது அரை மில்லி. நம் மருந்துக் கடைகளில் 40 யூனிட் இன்சுலின் ஊசியும் 100 யூனிட் இன்சுலின் ஊசியும் அருகருகே தொங்குகின்றன. அரை மில்லி என்பது முன்னதில் 20-ஆம் கோடு, பின்னதில் 50-ஆம் கோடு. ஒன்றின் கணக்கை மற்றதில் போட்டால் இரண்டரை மடங்கு பிசகும். அமெரிக்காவில், கலவைக் கூடங்களில் தயாரித்துக் குப்பியில் விற்ற, இதைப் போன்றே எடையைக் குறைக்கும் மற்றொரு ஊசி மருந்தான செமாகுளுடைட்டை இப்படி யூனிட் குழப்பத்தால் ஐந்து முதல் இருபது மடங்கு வரை கூடுதலாக ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜூலையில் எச்சரிக்கை விடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை

முதல் ஊசி ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் குமட்டலும் பசியின்மையும் மட்டுமே. அடுத்த செவ்வாய் இரண்டாம் ஊசி. வியாழன் இரவு இருமுறை வாந்தி. வெள்ளி காலை ஏழரைக்கு வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரை இட்லிக்கு மேல் இறங்காமல், அலுவலகத்துக்கு நடந்து போயிருக்கிறார். எட்டு மணிக்கே மகன், வாந்தியும் கிறுகிறுப்புமாக இருக்கிறது என்று சேவையின் செய்திப் பெட்டியில் எழுதினார். நொடியில் பதில் வந்தது: இது வழக்கமான பக்கவிளைவு, சிறிது சிறிதாகச் சாப்பிடவும், தண்ணீர் நிறையக் குடிக்கவும், கொழுப்புள்ள உணவைத் தவிர்க்கவும். அந்த மறுமொழி பொய்யன்று. சர்க்கரை மாத்திரை எதுவும் போடாத ஒருவருக்கு நானும் ஏறக்குறைய அதையே சொல்லியிருப்பேன்.

பத்தே முக்கால் மணிக்குக் கூலிப் பதிவேட்டில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிற்பாடு கைபேசியில் படமெடுத்து வந்து காட்டினார். மேலே இருபது வரிகள் அச்சடித்ததுபோல் நேராக இருந்தன. கடைசி நான்கு வரிகளில் எண்கள் கோட்டை விட்டு வலப்பக்கமாகச் சரிந்து இறங்கின. இறுதி வரியில் ஒரு 7 பாதியில் நின்றுவிட்டது. உடன் வேலை பார்த்தவர் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கடுங்காப்பி கொடுத்து, தோட்டத்து ஜீப்பில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தார். அந்தக் காப்பிக்குப் பிறகும் எண் 48-இல் நின்றது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பாமல் இரவு முழுக்க வைத்துப் பார்த்தது மிகச் சரியான முடிவு. ஏனெனில் அவர் போட்டிருந்த கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை ஒரு நாள் முழுக்க வேலை செய்யக்கூடியது, ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி இறங்கலாம்.

நடந்ததன் காரணம் எளிது. டிர்செபடைட், உணவு உண்டபின் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1, ஜி.ஐ.பி. என்ற இரு இயக்குநீர்களின் வேலையைச் செய்கிறது: இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்குப் போதும் என்ற செய்தியை அனுப்புகிறது, சர்க்கரை கூடியிருக்கும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டுகிறது. ‘கூடியிருக்கும்போது மட்டும்’ என்பதால் தனியாகக் கொடுத்தால் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிமிபிரைடு அப்படிப்பட்டதல்ல, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும். முழுச் சாப்பாட்டைக் கணக்கிட்டுக் கொடுத்த 2 மி.கி. மாத்திரை, அரை இட்லிக்கு எதிரே நின்றால் இதுதான் நேரும். இவ்வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, ஊசியைத் தொடங்கும்போதே அவற்றின் அளவைக் குறைக்க வேண்டும் என்பது இந்த மருந்தைப் பற்றிய பாலபாடம்.

மாத்திரைப் பை

முதல் சந்திப்பில் நானும் ஒரு தவறு செய்தேன். வேறு மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார், எழுதிக்கொண்டேன். பிறகுதான், வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் அப்படியே அள்ளிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி இரண்டு நாள் கழித்து வரவழைத்தேன். மஞ்சப்பையைக் கவிழ்த்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40, தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தைராக்ஸின் 50; இவை எதிர்பார்த்தவை. அவற்றோடு, கத்தரித்த அட்டைத் துண்டுகளில் பெயர் பாதி தெரியும் டைக்ளோஃபினாக். அது மாத்திரைக் கணக்கில் வராதாம், “அது மூட்டு வலிக்குக் கடையில வாங்கறதுங்க.”

வாந்தியால் உடலில் நீர் வற்றியிருக்கும்போது, டெல்மிசார்டனும் டைக்ளோஃபினாக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டத் தேவையான அழுத்தம் இருவழியிலும் குறைந்துவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அவருக்கு 0.9 என்று இயல்பாக வந்தது நல்லூழ். டைக்ளோஃபினாக்கை அன்றே நிறுத்தினேன்.

தைராக்ஸின் அட்டையைப் பார்த்ததும் இன்னொரு நூல் பிடிபட்டது. தைராய்டு சுரப்புக் குறைவு இந்த ஊசிக்குத் தடையல்ல. மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய், அல்லது அதோடு தொடர்புடைய இரண்டாம் வகைப் பல்சுரப்பிக் கட்டி நோய், தனக்கோ இரத்த உறவிலோ இருந்தால்தான் கொடுக்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது கழுத்தில் அறுவை நடந்ததா என்று கேட்டேன். அக்காவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘கழலை ஆபரேஷன்’ நடந்திருந்தது. என்ன கழலை என்று எவருக்கும் தெரியவில்லை. பீரோவில் தேடி எடுத்துப் படமெடுத்து அனுப்பிய திசு ஆய்வு அறிக்கை வந்துசேரும்வரை மூன்று வாரங்கள் ஊசியை எழுதாமல் நிறுத்தி வைத்தேன். சாதாரணப் பல்முடிச்சுக் கழலை என்றிருந்தது. இந்த மூன்று வாரங்களில் மகன் இருமுறை அழைத்து, வேறு எங்காவது உடனே கிடைக்குமே என்று மெல்லச் சொன்னார். கிடைக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை.

கணைய அழற்சியோ பித்தப்பைக் கல்லோ முன்பு வந்ததில்லை. சர்க்கரை விரைந்து இறங்கும்போது விழித்திரைக் கோளாறு சில காலம் மோசமாகக்கூடும் என்பதால் கண் பரிசோதனை செய்யச் சொன்னேன், விழித்திரை சுத்தம். குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர் என்பதால் கருத்தரிப்பு பற்றிய பேச்சு ஒரே வரியில் முடிந்தது. முப்பது வயதுப் பெண்ணாக இருந்திருந்தால் அது நீண்டிருக்கும்: இந்த மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடியது, தொடங்கிய நான்கு வாரங்களுக்கும் அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரங்களுக்கும் ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பதால் இதை விட்டுவிடக் கூடாது.

சட்டம் சொல்வது

தொலைமருத்துவம் இந்தியாவில் வரையறை இல்லாத வெளியல்ல. 2020 மார்ச் 25 அன்று வெளிவந்த தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், மருத்துவர்களின் ஒழுக்க விதிகளோடு இணைக்கப்பட்டவை. எளிதில் கடையில் வாங்கக்கூடிய மருந்துகளைத் தவிர மற்றவற்றை முதல் முறையாக எழுதுவதற்குக் காணொளி ஆலோசனை வேண்டும்; நோயாளி சுயநினைவுள்ள வயதுவந்தவராக இருக்கும்போது, அவருடைய அதிகாரம் பெறாத ஒருவர் அவருக்காகப் பேச முடியாது; மருத்துவர் தம் பதிவெண்ணைச் சீட்டில் காட்ட வேண்டும்; உரிய நோயறிதல் இல்லாமல் மருந்து எழுதுவது தொழில்முறைத் தவறு; இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது; செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்குத் துணை நிற்கலாமே தவிர, தானே ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. இவ்வளவும் அதில் உண்டு.

இந்த அம்மாவின் சீட்டை அதனருகே வைத்துப் பார்த்தேன். பதிவெண் இருந்தது, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ பெயரையும் எண்ணையும் இட்டு எவரும் சரிபார்க்கலாம், அவர் உண்மையான மருத்துவர்தான். நோயறிதல் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு. எடை, உயரம் தவிர வேறு அளவீடு எதுவுமில்லை. மறுபரிசோதனை எப்போது என்ற குறிப்பில்லை. அழைப்பு காணொளியுமல்ல, நோயாளியுடனுமல்ல. அந்த மருத்துவரை ஒரு வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளில் அவருக்கு எத்தனை அழைப்புகள் கொடுக்கிறார்கள் என்பது தெரிந்தால் என் கோபம் வேறு திசைக்குப் போகக்கூடும். ஆனால் அவர் “அம்மாவிடமே கொடுங்கள், கேமராவைப் போடுங்கள்” என்ற இரண்டு சொற்றொடரைச் சொல்லியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை வந்திராது.

மருந்து விற்கும் இணையக் கடைகளுக்கெனத் தனி விதிகள் 2018 ஆகஸ்டில் வரைவாக வெளிவந்து வரைவாகவே நின்றன. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதில் கடைக்கும் இணையத்துக்கும் வேறுபாடில்லை. செமாகுளுடைட்டின் வணிகப் பெயர்களில் ஒன்றான ஓசெம்பிக் பெயரில் பல நாடுகளில் போலிகள் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்ததையும் நினைவில் கொண்டு, உரிமம் எண்ணுள்ள ரசீது, தொகுதி எண், குளிரில் வந்ததற்கான அடையாளம் ஆகிய மூன்றும் இல்லாத பொட்டலத்தை வாங்க வேண்டாம் என்பதே என் கிளினிக்கில் நான் சொல்வது.

மறுதொடக்கம்

ஜூன் பிற்பகுதியில் கிளிமிபிரைடை முற்றிலும் நிறுத்தி, மெட்ஃபார்மினை வைத்துக்கொண்டு, டிர்செபடைட்டை மீண்டும் வாரம் 2.5 மி.கி. என்று தொடங்கினேன். நான்கு வாரங்களுக்குப் பின் 5 மி.கி. அதற்கு மேல் 2.5 கூட்டிக் கூட்டி 15 வரை போகலாம், போகவேண்டும் என்பதில்லை. வாந்தி எடுத்துத் தண்ணீரும் தங்காத நாளில் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் அன்று போடாமல் என்னை அழைக்க வேண்டும் என்று தமிழில் எழுதி, மாத்திரைப் பைக்குள்ளேயே ஒட்டிக் கொடுத்தேன். முதுகுக்கு ஊடுருவும் கடும் வயிற்றுவலி வந்தால் அழைப்புக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது இரண்டாம் வரி.

மருந்தைச் சேலத்தில் குளிர்பெட்டி உள்ள கடையில் மாதம் ஒருமுறை மகன் வாங்கி, அகன்ற வாய்த் தெர்மாஸ் குடுவையில் ஐஸ் துண்டுகளோடு, குப்பிகள் ஐஸை நேரே தொடாதபடி துணி சுற்றி, காலை முதல் பேருந்தில் கொண்டுபோனார். மேலே போய்விட்டால் மலையின் குளிரே பாதி வேலையைச் செய்கிறது. ஏற்காட்டு வீட்டுக்குள் 30 டிகிரி என்பது அரிது. குளிர்பெட்டியில் உறைதட்டுக்கு அடியில் வைக்காமல் கதவுப்பக்கம் வைக்கும்படி மட்டும் சொன்னேன். பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, நேரில் வரும்போது கிளினிக்கில் ஒப்படைத்தார்.

விளம்பரங்கள் இருபது விழுக்காடு குறையும் என்கின்றன. 2022-இல் வெளியான ஆய்வில், 15 மி.கி. எடுத்தவர்கள் 72 வாரங்களில் சராசரியாக 20.9 விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால் அவர்களுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 2023 ஆய்வில் அதே அளவுக்குக் கிடைத்தது 14.7 விழுக்காடு. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். நிறுத்தினால் என்னவாகும் என்பதையும் சொன்னேன்: 36 வாரம் ஊசி போட்டபின் வெற்றூசிக்கு மாற்றப்பட்டவர்கள் அடுத்த ஓராண்டில் 14 விழுக்காடு எடையைத் திரும்பப் பெற்றார்கள். 5 மி.கி. அளவுக்கு மாதம் 17,500 ரூபாய் எத்தனை காலம் என்று அவர் கேட்டார். கணக்கு எழுதுபவர், கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். என்னிடம் ஒற்றை எண்ணாக விடை இல்லை. மார்ச் 2026-இல் செமாகுளுடைட்டின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களின் மருந்துகள் வரத் தொடங்கியபோது அதே கேள்வி வேறு உருவில் வந்தது. மாறலாம், ஆனால் இதன் 5 அதன் 5 அல்ல, அதன் தொடக்கம் 0.25 மி.கி. என்பதை விளக்கினேன். விலை குறைவதால் மாறுவதா, நிலைத்த பின் மாறுவதா என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பசி குறைந்தால் முதலில் தட்டிலிருந்து போவது பருப்பும் முட்டையும்தான் என்பதை இந்நோயாளியிடம் கண்டேன். களியும் இரண்டு வாய்க் குழம்பும் போதும் என்று எழுந்துவிடுவார். கொழுப்போடு தசையும் கரையாதிருக்க, கொள்ளு, முட்டை, தயிர் ஆகியவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுக் களிக்குப் போகும்படி வரிசையை மட்டும் மாற்றினோம். சேலத்துப் பலகாரமான தட்டுவடை செட்டைக் கைவிடச் சொல்லவில்லை. அவரே விட்டுவிட்டார், எண்ணெய் வாசம் குமட்டுகிறதாம்.

களத்தோரத்துக் காணொளி

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நேரில், இடைப்பட்ட மாதங்களில் காணொளி என்று வைத்துக்கொண்டோம். மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் கூலி போகும் என்பதால் காணொளி அவருக்கு ஆடம்பரமல்ல, தேவை. அரசின் இ-சஞ்சீவனி சேவையில் கட்டணமில்லாமல் மருத்துவரிடம் பேசலாம் என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன், நான் கிடைக்காத நாளுக்கு. அவர் வீட்டில் கைபேசிக்கு அலைவரிசை எட்டாது. காப்பி காயப்போடும் களத்தின் கிழக்கு ஓரத்தில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் படம் தடைபடாமல் வரும். எடை பார்ப்பது தோட்டத்துத் தராசில். காப்பிப் பழ மூட்டைகளை நிறுக்கும் தரைத்தராசு அது. அறுவடை முடிந்து சும்மா கிடந்ததை மகன் துடைத்துச் சரிபார்த்து வைத்தார். கால் கிலோ முன்பின்னாகும். எனக்கு ஒரே தராசு, ஒரே நேரம், வெறுங்கால் என்பது போதும்.

டிசம்பரில் 64.5 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு 7.1-லிருந்து 6.2. தாழ்சர்க்கரை ஒருமுறையும் வரவில்லை. அறுவடைக் காலம் என்பதால் மூட்டைகளுக்கு நடுவே வரிசையில் நின்று எடை பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

2026 பிப்ரவரிக் காணொளியில் நான் வழக்கமான கேள்விகளைத் தொடங்குவதற்குள், அவர் கைபேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் ஓர் அட்டையைக் கேமராவுக்கு நேரே நீட்டினார். வெயில் பட்டு எழுத்து தெரியவில்லை. மரநிழலுக்குள் நகர்ந்து மறுபடி நீட்டினார். “டாக்டர், இதைப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் காட்டிரலாம்னு வெச்சிருந்தேன். சளிக்குக் கடையில குடுத்தாங்க. இது மாத்திரைக் கணக்குல வருமுங்களா?”